மணிக்கட்டைப் பூட்டாத இரும்புக் கைக்கவசம்: முதன்முறையாகச் செய்பவர்களுக்கு

வாள் பயிற்சிக்கு இரும்புக் கைக்கவசம் செய்ய உட்காருபவர்கள் பெரும்பாலும் விரல்களைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலை. மழுங்கிய எஃகு வாளோ, பிரம்பு வாளோ, வேகமாக வந்து விரலில் விழுந்தால் எலும்பு முறியும். ஆனால் விரல்களை நன்றாக மூடிய ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டு வாளை எடுத்த பிறகுதான் வேறொரு குறை தெரியவருகிறது. முனையை எதிராளியின் முகத்துக்கு நேராக நீட்ட வருவதில்லை. வாளைத் தலைக்குப் பின்னால் தாழ்த்த வருவதில்லை. மணிக்கட்டு பூட்டிக்கொள்கிறது. அதை ஈடுகட்டத் தோளையும் முழங்கையையும் அளவுக்கு மீறி அசைக்கிறோம். வீச்சு மந்தமாகிறது, எதிராளிக்கும் அது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

கீல்களையும் மூட்டுகளையும் கூட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கவசத்தின் ஒடுங்கிய இடுப்பு கையில் எந்த இடத்தில் அமர்கிறது, அங்கிருந்து முன்கைப் பக்கம் தகடு எவ்வளவு விரிகிறது: மணிக்கட்டின் சுதந்திரம் பெரும்பாலும் இந்த இரண்டிலேயே முடிவாகிவிடுகிறது. இரண்டையும் அட்டையில் வரையும்போதே தீர்மானித்துவிடலாம். தகட்டை வெட்டிய பிறகு எவ்வளவு தட்டினாலும் இவற்றைத் திருத்துவது கடினம்.

நாம் இங்கே செய்யப்போவது 14-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்கு ஐரோப்பாவில் பரவலாக இருந்த வடிவம். புறங்கையில் அகலம், மணிக்கட்டில் ஒடுக்கம், முன்கையில் மறுபடி விரிவு என்று உடுக்கை போல இருக்கும். 1376-இல் இறந்த இங்கிலாந்து இளவரசர் எட்வர்டின் கல்லறை கேன்டர்பரி பேராலயத்தில் இருக்கிறது. அதற்கு மேலே தொங்கவிட்டிருந்த கைக்கவசங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. பொன்முலாம் பூசிய செப்புக் கலவையால் ஆனவை. அதற்குச் சற்று முன்பு, 1361-இல், சுவீடனின் கோட்லாண்டு தீவில் விஸ்பி நகருக்கு வெளியே நடந்த போரில் மாண்டவர்களின் புதைகுழிகளிலிருந்து கிடைத்த கைக்கவசங்கள் வேறு மாதிரி. அவற்றில் சின்னச் சின்னத் தகடுகள் பலவற்றைத் தோலோடு சேர்த்து ஆணியடித்திருக்கிறார்கள். உடுக்கை வடிவம் வந்தபோது அந்தத் துண்டுத் தகடுகளின் வேலையை ஒரே பெரிய தகடு எடுத்துக்கொண்டது. மணிக்கட்டில் மூட்டே இல்லாத அந்தத் தகட்டுக்குள் வீரர்கள் தாராளமாக வாள் சுழற்றினார்கள்.

மூட்டே இல்லாமல் கை எப்படி மடங்குகிறது? கவசம் முன்கையோடு நிற்பதில்லை, கையோடு போகிறது. கை சாயும்போது கவசம் முழுவதும் சேர்ந்து சாய்கிறது, முன்கைப் பக்கம் புனல் போல விரிந்த பகுதிக்குள் முன்கை இடம் மாறிக்கொள்கிறது. முன்கை புனலின் சுவரில் இடித்தால் அத்தோடு அசைவு நிற்கும். ஆகவே புனல் ஒரு பக்கம் எத்தனை டிகிரி விரிந்திருக்கிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி அந்தப் பக்கம் கை சாயும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மணிக்கட்டின் இருபுறமும் ஆணி வைத்துக் கீல் போடுவதில் என்ன சிக்கல் என்பதும் இதிலிருந்து விளங்கும். கீலுக்கு ஒரே ஓர் அச்சு. புறங்கையை மேலும் கீழும் மடக்க அது உதவும். கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்க்கும் அசைவை அதே கீல் தடுத்துவிடும். வாளின் முனையை முன்னே நீட்டுவதற்கு நமக்கு வேண்டியதோ இந்த இரண்டாவது அசைவுதான். மணிக்கட்டை வேண்டுமென்றே பூட்டிய ஆயுதமும் உண்டு. மராத்தியர்கள் பயன்படுத்திய பட்டா என்ற வாளில் இரும்புக் கைக்கூடும் அலகும் ஒன்றாகவே இருக்கும், கைப்பிடி குறுக்கே அமையும், மணிக்கட்டு அசையாது. அதன் வீச்சு முழுவதும் தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வரும். அந்த ஆயுதத்துக்கு அது பொருந்தும். ஐரோப்பிய வாளின் ஆட்டம் மணிக்கட்டை நம்பியது.

வேலைக்கு முன்

எந்த வகைப் பயிற்சிக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1966-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய, இடைக்கால ஐரோப்பிய வாழ்க்கையை மீட்டுருவாக்கும் எஸ்.சி.ஏ. அமைப்பின் கவசச் சண்டையில் பிரம்பு வாள் பயன்படுகிறது. முழுக் கவசம் அணிந்து மோதும் புகுர்ட் போட்டிகளில் மழுங்கிய எஃகு வாளால் முழு வேகத்தில் அடிப்பார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தகட்டின் தடிப்பு, மூடியிருக்க வேண்டிய இடங்கள் பற்றி எழுத்தில் விதிகள் இருக்கும். அவற்றைப் படித்த பிறகு தகடு வாங்குங்கள். கூர் தீட்டிய வாளோடு விளையாடுவதற்கு இந்தக் கட்டுரை இல்லை.

தகடு: சி.ஆர். தகடு என்று கடையில் கேளுங்கள். குளிர்நிலையில் உருட்டிய மென் எஃகு அது. 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மி.மீ., புனலுக்கும் புறங்கைக்கும் போதும். விரல்களின் மேல் வரும் தகடுகளுக்கு 16 கேஜ், சுமார் 1.5 மி.மீ. எடுத்துக்கொள்வது நல்லது. இந்த அளவுகளில் ஒரு கைக்கு இரும்பு மட்டும் 600 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். துருப்பிடிக்காத எஃகு பார்வைக்கு ஆசை காட்டும், ஆனால் தட்டத் தட்ட இறுகிக்கொண்டே போகும். முதல் கவசத்துக்கு அது வேண்டாம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டைத் தவிர்த்துவிடுங்கள். அதைச் சூடாக்கினால் வரும் புகை உடம்புக்குக் கெடுதல்.

கருவிகள் சாதாரணமானவைதான். தகடு வெட்டும் கத்தரி, அரை கிலோ எடையில் உருண்டை முனைச் சுத்தியல், வைஸ், டிரில், 4 மி.மீ. ரிவெட்டுகளும் வாஷர்களும், தட்டை அரமும் அரைவட்ட அரமும், உப்புத்தாள். அடித்து வளைக்க இரண்டு அங்குலத் தடிப்பான இரும்புக் குழாய் ஒன்றை வைஸில் பிடித்துக்கொள்ளலாம். குழிப்பதற்கு ஒரு மரக்கட்டை வேண்டும். அதன் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு விரல் ஆழத்துக்குக் குழி வெட்டிக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பும் இல்லாமல் தொடங்காதீர்கள். வெட்டிய தகட்டின் விளிம்பு கத்தியைப் போலவே சதையை அறுக்கும்.

இவற்றோடு தடித்த மாட்டுத்தோல் கையுறை ஒரு ஜோடி, 2 முதல் 3 மி.மீ. தோல் வார்கள், பக்கிள், 6 மி.மீ. ஃபோம், தடித்த அட்டை, ஒரு காம்பஸ்.

அளவெடுப்பது வாளைப் பிடித்தபடி

கையை மேசைமேல் விரித்து வைத்து வரைவது வழக்கம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விரித்த கையும் வாள் பிடித்த கையும் ஒரே அளவில் இருப்பதில்லை. விரல்களை மடக்கும்போது புறங்கை வளைகிறது, விரல்களின் வெளிப்பக்கம் நீள்கிறது, கட்டைவிரலின் அடிப்பகுதி புடைக்கிறது. கையுறையை மாட்டிக்கொண்டு, நீங்கள் பயன்படுத்தும் வாளையே இறுகப் பிடித்து, இன்னொருவரை அளவெடுக்கச் சொல்லுங்கள்.

நான்கு அளவுகள் வேண்டும். முதலாவது, கையுறையோடு சேர்த்து மணிக்கட்டின் சுற்றளவு. இரண்டாவது, மணிக்கட்டிலிருந்து விரல் முட்டிகள் வரை புறங்கையின் நீளம். மூன்றாவது, ஆள்காட்டி விரல் முட்டியின் வெளிப்பக்கத்திலிருந்து புறங்கை வழியாகச் சுண்டுவிரல் பக்கம் சுற்றி உள்ளங்கையின் ஓரம் வரை அகலம். நான்காவது, முட்டியிலிருந்து மடங்கிய விரல்களின் மேலாக, வாளின் பிடியைத் தொடும் இடம் வரை நீளம்.

மணிக்கட்டு எங்கே என்பதில் கவனம் தேவை. சுண்டுவிரல் பக்கம் ஓர் எலும்பு முண்டாகத் துருத்திக்கொண்டிருக்கும். பலர் அதையே மணிக்கட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். கை உண்மையில் திரும்பும் அச்சு அதைவிட ஒரு விரல் அகலம் கைப்பக்கம் தள்ளி இருக்கிறது. கையைப் பின்னோக்கி மடக்கி, புறத்தில் சுருக்கம் விழும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். கவசத்தின் இடுப்பு இந்தக் கோட்டில் அமர வேண்டும். முன்கைப் பக்கம் ஏறிவிட்டால், ஒவ்வொரு முறை சாயும்போதும் ஒடுங்கிய பகுதியே எலும்பில் இடிக்கும். விரல் பக்கம் இறங்கிவிட்டால் கட்டைவிரலின் அடிச்சதை கடிபடும்.

புனலை வரைவது

ஒவ்வொரு பக்கமும் முப்பது டிகிரி விரிவுள்ள கூம்பை வெட்டி விரித்துப் போட்டால் சரியாக அரைவட்டம் கிடைக்கும். இது நமக்கு வாய்த்த வசதி. கணக்கு சுலபமாகிவிடுகிறது. மணிக்கட்டுச் சுற்றளவை 3.14-ஆல் வகுத்தால் உள்வளைவின் ஆரம் கிடைத்துவிடும். உங்கள் அளவு 20 செ.மீ. என்றால் ஆரம் 6.4 செ.மீ. காம்பஸால் அந்த வளைவைப் போடுங்கள். அதே மையத்திலிருந்து 8 செ.மீ. கூட்டி, 14.4 செ.மீ. ஆரத்தில் வெளிவளைவைப் போடுங்கள். அரைவட்டம் முழுவதும் வேண்டாம். 135 டிகிரி எடுத்துக்கொண்டால் தகடு மணிக்கட்டை முக்கால் பங்கு சுற்றும். உட்புறம் கால் பங்கு திறந்திருக்கும். கையை நுழைக்க அந்தத் திறப்பு தேவை.

இன்னொரு காரணமும் உண்டு. முனையை முன்னே நீட்டும்போது வாள் பிடியின் கடைசியில் உள்ள குமிழ் திரும்பி மணிக்கட்டின் உட்புறத்தை நோக்கி வரும். அங்கே தகடு இருந்தால் குமிழ் அதில் முட்டி நின்றுவிடும். எவ்வளவு நன்றாக விரிந்த புனலானாலும் அப்போது பயனில்லை.

புனலின் நீளம் 8 செ.மீ. போதுமா என்ற சந்தேகம் வரும். அதே விரிவில் 12 செ.மீ. வைத்தால் வாயின் விட்டம் 18 செ.மீ.க்கு மேல் போய்விடும். கையை விலாவோடு ஒட்டிப் பிடிக்க முடியாது, எதிராளியின் வாளும் அதில் சிக்கும். விரிவைக் குறைத்து நீளத்தைக் கூட்டினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். முன்கையைக் காப்பது முன்கைக் கவசத்தின் வேலை. அது மணிக்கட்டுக் கோட்டுக்கு 3 செ.மீ. முன்பே நின்றுவிடட்டும், புனல் அதன் மேல் படர்ந்து நிற்கட்டும். முன்கைக் கவசத்தின் தடிப்பு சாய்வில் ஐந்தாறு டிகிரியைத் தின்றுவிடும் என்பதால் சோதிக்கும்போது அதையும் அணிந்திருக்க வேண்டும்.

எல்லாப் பக்கமும் ஒரே விரிவு தேவையில்லை. சுண்டுவிரல் பக்கம் கை 30 டிகிரிக்கு மேலும் சாயும். கட்டைவிரல் பக்கம் 20 டிகிரியோடு நின்றுவிடும். ஆகவே வளைத்த பிறகு கட்டைவிரல் பக்கத்தைச் சற்று உள்ளே தள்ளி, சுண்டுவிரல் பக்கத்தைச் சற்று வெளியே இழுத்துக்கொள்ளலாம். வாயை மட்டும் நீள்வட்டமாக நசுக்கிவிடாதீர்கள். உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பும்போது சுழல்வது மணிக்கட்டு மட்டும் அன்று. முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று புரளுகின்றன. கவசம் கையோடு திரும்பும், முன்கையின் முழங்கைப் பக்கப் பகுதி திரும்பாது. நசுங்கிய புனல் இந்தச் சுழற்சியில் முன்கையைப் பிடித்துக்கொள்ளும்.

உள்வளைவுக்கு உட்பக்கம் மேலும் 1.2 செ.மீ. விட்டு இன்னொரு வளைவு போடுங்கள். அது புறங்கைத் தகட்டோடு சேர்க்கும் மடிப்பு.

பழைய கவசங்களில் புனலும் புறங்கையும் ஒரே தகட்டில் அடித்து எடுத்தவை. இடுப்பில் தகடு ஒரு திசையில் உள்ளேயும் மறு திசையில் வெளியேயும் வளைவதால் அதை உருவாக்குவது தேர்ந்த கொல்லனின் வேலை. முதல் கவசத்தை இரண்டு துண்டாகச் செய்து இறுக்கி ஆணியடியுங்கள். அசைவில் எந்த வித்தியாசமும் இராது.

அட்டையில் ஒரு முழுக் கவசம்

புனல், புறங்கைத் தகடு, விரல் தகடுகள் மூன்று, கட்டைவிரலுக்கு இரண்டு. அத்தனையையும் அட்டையில் வெட்டி, ஒட்டு நாடாவால் சேர்த்து, கையில் கட்டிக்கொள்ளுங்கள். வாளை எடுங்கள். கையை முழுவதும் நீட்டி முனையை எதிர்ச் சுவரில் ஒரு புள்ளிக்கு நேராக வையுங்கள். பிறகு தலைக்கு மேல் உயர்த்தி முனையைப் பின்னால் தொங்கவிடுங்கள். வாளைப் புரட்டி மறு விளிம்பு முன்னே வரும்படி பிடியுங்கள். உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புங்கள். இவை நான்கும் வெறுங்கையோடு எவ்வளவு வருகின்றன, அட்டையோடு எவ்வளவு வருகின்றன என்று ஒப்பிடுங்கள். இடிக்கும் இடத்தில் அட்டை நசுங்கியிருக்கும். அந்த இடத்தில் பேனாவால் குறித்து, வெட்டிவிட்டு, மறுபடி கட்டிப் பாருங்கள். ஒரு மாலை முழுவதும் இதற்கே போனாலும் பொறுமையாகச் செய்யுங்கள். அட்டை பூட்டிக்கொண்டால் இரும்பும் பூட்டிக்கொள்ளும்.

வெட்டுவதும் வளைப்பதும்

அட்டையைத் தகட்டின்மேல் வைத்து ஆணி முனையால் கோடு கீறி வெட்டுங்கள். முதலில் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வெட்டி, பிறகு கோடு வரை அரத்தால் தேய்ப்பது நல்லது. எல்லா மூலைகளையும் உருட்டி விடுங்கள். வளைக்கத் தொடங்கும் முன்பே பிசிறு முழுவதையும் நீக்குங்கள். பிசிறு உள்ள இடத்திலிருந்துதான் தகடு கிழியத் தொடங்கும்.

புனலை வைஸில் பிடித்த குழாயின்மேல் வைத்து, கையால் அழுத்தி வளைத்துக்கொண்டே வாருங்கள். இடுப்புப் பக்கம் அதிகமாகவும் வாய்ப் பக்கம் குறைவாகவும் வளைய வேண்டும். மடிப்புக்கு விட்ட 1.2 செ.மீ. பட்டையில் இரண்டு செ.மீ.க்கு ஒன்றாக வெட்டுகள் போடுங்கள். ஒவ்வொரு வெட்டின் அடியிலும் 3 மி.மீ. துளை முதலிலேயே போட்டுக்கொண்டால் வெட்டு மேலும் கிழியாது. அந்த நாக்குகளைப் புறங்கைத் திசையில் நிமிர்த்துங்கள். புனலின் வாய் விளிம்பை வெளிப்பக்கமாக 3 மி.மீ. அளவுக்கு மெதுவாகத் தட்டி மடித்துவிடுங்கள். மடித்த விளிம்பு தகட்டுக்கு உறுதி தரும், முன்கையையும் அறுக்காது.

புறங்கைத் தகட்டை மரக்கட்டையின் குழியில் வைத்துக் குழியுங்கள். நடுவில் தொடங்காமல் விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி வாருங்கள். அடி பலமாக இருப்பதைவிடச் சீராக இருப்பது முக்கியம். விரல் முட்டிகள் வரும் பக்கம் குழி சற்று ஆழமாக இருக்க வேண்டும். கைக்கும் தகட்டுக்கும் நடுவே 6 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி இருந்தால்தான் ஃபோமுக்கு இடம் இருக்கும். சுண்டுவிரல் பக்கம் தகடு கீழே சுற்றி வர வேண்டும். ஆள்காட்டி விரல் பக்கம் கட்டைவிரலின் அடிப்பகுதிக்கு ஒரு வளைவு வெட்ட வேண்டும். அந்த வளைவைத் தாராளமாக வெட்டுங்கள். கட்டைவிரல் பிடியின்மேல் படுப்பதும் பிடியைச் சுற்றி மடங்குவதும் மாறி மாறி நடக்கும். இங்கே நெருக்கினால் மணிக்கட்டு சுதந்திரமாக இருந்தும் வாள் கையில் புரளாது.

சேர்க்கும்போது புனலின் நாக்குகள் புறங்கைத் தகட்டுக்கு அடியில் போகட்டும். முதலில் நடுவில் ஒரு துளை போட்டு, போல்ட்டும் நட்டும் வைத்து இறுக்கி, கையில் மாட்டிப் பாருங்கள். இடுப்பு கோட்டில் அமர்ந்திருந்தால் மற்ற துளைகளைப் போடலாம். ஐந்து ரிவெட்டுகள் போதும். ரிவெட்டின் தண்டை அதன் விட்டத்தளவு வெளியே நீட்டியபடி வெட்டி, ஓரம் ஓரமாகத் தட்டித் தலையாக்குங்கள். ஒரே அடியில் நசுக்கினால் தண்டு வளைந்துவிடும். உட்புறத்தில் நாக்குகளின் முனைகளை உருட்டித் தேய்த்து, அந்த இடம் முழுவதையும் தோல் துண்டால் மூடிவிடுங்கள்.

விரல்கள்

ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனித் தகடு வைப்பது அழகு. தொடங்குபவர்களுக்கு நான்கு விரலையும் ஒன்றாக மூடும் தகடுகளையே பரிந்துரைப்பேன். 15-ஆம் நூற்றாண்டில் இந்த வகையும் நிறையப் பயன்பட்டது, அடியையும் நன்றாகத் தாங்கும்.

மூன்று தகடுகள் தேவை: முட்டிக்கு ஒன்று, அடுத்த கணுவரை ஒன்று, விரல் நுனிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் முந்தைய தகட்டின் அடியில் நுழையும். கை மூடியிருக்கும்போது வெளிப்பக்க நீளம் அதிகம், அப்போதுதான் தகடுகள் மிகவும் விலகி நிற்கும். அந்த நிலையில் ஒன்றன்மேல் ஒன்று 1.5 செ.மீ. படிந்திருந்தால் இடைவெளி விழாது. கையைத் திறக்கும்போது தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று ஒதுங்கும். கை முழுவதும் தட்டையாகத் திறக்க வேண்டியதில்லை, வாளை விடும் அளவுக்குத் திறந்தால் போதும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் தகடுகளைக் குறுகலாக வைக்க வேண்டிவரும், மூடும்போது இடைவெளி விழும்.

இந்தத் தகடுகளின் விளிம்புகள் வாளின் பிடியில் உட்கார வேண்டும். கவசத்தின் பயன் முழுவதும் இதில் இருக்கிறது. அடி விழும்போது விசை தகட்டின் வழியாகப் பிடிக்குப் போக வேண்டும். விளிம்பு பிடியை எட்டாவிட்டால் தகடு அப்படியே விரல்களின்மேல் அமுங்கி, பிடிக்கும் தகட்டுக்கும் நடுவே விரல்களை நசுக்கிவிடும். எவ்வளவு தடித்த தகடானாலும் இதைத் தடுக்க முடியாது. வாளைப் பிடித்தபடி தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். விரலில் அழுத்தம் தெரிந்தால் தகட்டின் குழிவையோ அகலத்தையோ கூட்டுங்கள்.

தகடுகளை உட்புறத்தில் இரண்டு தோல் வார்களால் இணையுங்கள். ஆள்காட்டி விரல் வரிசையில் ஒன்று, சுண்டுவிரல் வரிசையில் ஒன்று, இரண்டும் 2 செ.மீ. அகலத்தில். கை மூடிய நிலையில் வார் விறைப்பாக இருக்கும்படி அளந்து ஆணியடியுங்கள். தோல் பக்கத்தில் கட்டாயம் வாஷர் வேண்டும். பக்கவாட்டில் சுழல் ஆணி வைக்க விரும்பினால், ரிவெட் அடிக்கும்போது இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஒரு அட்டைத் துண்டைச் செருகி, அடித்து முடித்ததும் உருவிவிடுங்கள். அந்த மெல்லிய இடைவெளி இருந்தால் தகடு தடையின்றிச் சுழலும்.

கட்டைவிரலுக்கு இரண்டு தகடுகள் போதும். அதைப் புறங்கைத் தகட்டோடு உலோகக் கீலால் இணைக்க வேண்டாம். 3 செ.மீ. அகலத் தோல் வார் ஒன்றால் இணையுங்கள். கட்டைவிரல் எல்லாத் திசையிலும் திரும்பும், தோலும் அதோடு திரும்பும்.

கையுறையும் வாரும்

ஃபோமைப் புறங்கைத் தகட்டின் உட்புறத்திலும் முட்டித் தகட்டிலும் ஒட்டுங்கள். மணிக்கட்டுக் கோட்டில் மட்டும் ஃபோம் வேண்டாம். அங்கே தடிப்பு கூடினால் நாம் கணக்கிட்ட இடுப்பு நெருங்கிவிடும், வேண்டுமானால் மெல்லிய தோல் போதும். கையுறையைத் தகட்டோடு தைப்பதற்குப் புறங்கைத் தகட்டின் ஓரத்திலும் கடைசி விரல் தகட்டின் ஓரத்திலும் 2 மி.மீ. துளைகள் போடுங்கள், மெழுகு பூசிய தடித்த நூலால் தையுங்கள்.

மணிக்கட்டின் உட்புறத்தில் 2 செ.மீ. அகலமுள்ள வார் ஒன்று, பக்கிளோடு. இது சரியாக இடுப்பில் அமைய வேண்டும். இதை இறுக்கினால்தான் கவசம் கையோடு ஒன்றாக நகரும். தளர்ந்திருந்தால் ஒவ்வொரு வீச்சிலும் கவசம் விரல் பக்கம் வழுக்கும், இடுப்பு இடம் மாறும். புனலின் வாயில் இன்னொரு வார் போட்டு முன்கையோடு கட்டும் ஆசை சிலருக்கு வரும். கட்டவே கூடாது. முன்கை புனலுக்குள் தாராளமாக அசைவதற்காகத்தான் இத்தனை வேலையும்.

சோதனை

அட்டையில் செய்த நான்கு அசைவுகளையும், இப்போது முன்கைக் கவசத்தோடு, மறுபடி செய்யுங்கள். முனையை முன்னே நீட்டுவது மட்டும் வராவிட்டால் சுண்டுவிரல் பக்கப் புனலையும் குமிழ் வரும் உட்புற ஓரத்தையும் பாருங்கள். வாளைப் பின்னால் தாழ்த்தும்போது கட்டைவிரல் பக்கம் இடித்தால், அந்தப் பக்கம் உள்ளே தள்ளியது அதிகமாகிவிட்டது. புறங்கையைப் பின்னோக்கி மடக்கும்போது முன்கையில் கடித்தால், மேல்பக்கத்தை ஒரு குழாயின்மேல் வைத்து மெதுவாக வெளியே தட்டுங்கள்.

பிறகு அடிச் சோதனை. கையை வைத்துச் சோதிக்காதீர்கள். வாள் பிடியின் தடிப்புள்ள மரக்கம்பை வைஸில் பிடித்து, விரல்களுக்குப் பதிலாகக் களிமண் உருட்டிச் சுற்றி, அதன்மேல் கவசத்தை மாட்டி, பயிற்சி வாளால் ஓங்கி அடியுங்கள். களிமண் நசுங்கியிருக்கும் இடத்தில் உங்கள் விரலும் நசுங்கும். ரிவெட்டுகளையும் பாருங்கள். ஆடினால் மறுபடி தட்டி இறுக்குங்கள்.

முதல் சில பயிற்சிகளை மெதுவான வேகத்தில் செய்து, கழற்றியதும் தோலில் சிவந்திருக்கும் இடங்களைக் கவனியுங்கள். அங்கேதான் அடுத்த திருத்தம். வியர்வையில் நனைந்த கவசத்தைப் பையில் போட்டு மூடாமல் காற்றாட வையுங்கள். இரும்புக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, தோலுக்குத் தேன்மெழுகு.

இடக்கைக் கவசத்துக்கு அட்டையைப் புரட்டிப் போட்டால் வடிவம் கிடைத்துவிடும், ஆனால் அதன் தேவை வேறு. கேடயம் பிடிக்கும் கை என்றால் மணிக்கட்டு அசைவு அவ்வளவு வேண்டியதில்லை, நீளமான புனலே வைத்துக்கொள்ளலாம். இரு கைகளாலும் பிடிக்கும் நீண்ட வாள் என்றால், இரண்டு கவசங்களையும் மாட்டிக்கொண்டு பிடியின் நீளம் போதுகிறதா என்று முதலில் பாருங்கள். கைகள் குறுக்கிடும் வீச்சுகளில் வலக்கைப் புனலின் உட்புற ஓரம் இடது முன்கையில் இடிக்கும். அந்த ஓரத்தை இன்னும் ஒரு செ.மீ. குறைத்து, விளிம்பை உருட்டிவிடுங்கள்.